புதுப் புத்தகத்தில் போன தந்தி

பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, பாதி எழுதிய தந்தித் தாளை அப்படியே திருப்பி கருணாகரன் பக்கமாகத் தள்ளினாள் சந்திரமதி.

“இது போய்ச் சேரும் சார். ஆனா அங்க யாராலயும் படிக்க முடியாது.”

“போய்ச் சேரட்டும். படிக்கிறது அவன் வேலை.”

கருணாகரன் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். கித்தா என்னும் ரப்பரை வாங்கிக் கப்பலேற்றும் அந்தக் கம்பெனியின் மலாக்கா ஆபீஸில் அவர்தான் பெரிய கிராணி, தலைமைக் குமாஸ்தா. அவள் தந்தி மேசைக் கிராணி.

“எதை வச்சுப் படிப்பாரு? பத்து அன்னம் கிளைக்குப் புதுப் புத்தகம் இன்னும் போகலயே. அதோ, அலமாரி மேல கட்டின கயிறு அவுக்காம அப்படியே இருக்கு.”

“சனிக்கிழமை லோரியில போகுது.”

“தந்தி இன்னைக்குப் போகுது. இன்னைக்குப் புதன்கிழமை.”

“எனக்குக் கிழமை சொல்லித் தர்றியாம்மா?”

“பழைய புத்தகம் இனிமே செல்லாது, புதுசுதான்னு சொல்ற தந்தியையே புதுசுல அனுப்பச் சொல்றீங்களே சார். பெட்டியப் பூட்டி சாவிய உள்ள போட்ட மாதிரி இருக்கு.”

கருணாகரன் மேசையில் கிடந்த கடிதத்தை விரலால் தட்டினார். சிங்கப்பூர் தலைமை ஆபீஸிலிருந்து வந்தது. அடியில் மலாக்காவின் வெள்ளைக்கார மானேஜர் துரையும் ஒப்பமிட்டிருந்தார். 1957 ஜூலை 17 முதல் எல்லாக் கிளைகளும் எல்லாத் தந்திகளையும் புதிய சுருக்கப் புத்தகத்தின்படியே அனுப்ப வேண்டும். விலக்கு எதுவும் இல்லை.

“விலக்கு இல்லைன்னு போட்டிருக்கு. நீ கையில வச்சிருக்கிறது தந்தியா இல்லையா?”

“தந்திதான்.”

“அப்ப எழுது.”

எழுதினாள். பழைய புத்தகத்தில் இருபத்திரண்டு சொல் ஆகியிருக்கும். புதியதில் ஒன்பதுதான் ஆயிற்று. அந்த ஒன்பதுக்குள் இரண்டு செய்திகள் இருந்தன. ஒன்று, இன்று முதல் புதுப் புத்தகம். மற்றது, கப்பல் ஒரு நாள் முந்தி வருகிறது. கைவசம் உள்ள முதல் தர ரப்பர் ஷீட்டு முழுவதையும் வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் மலாக்கா கிடங்குக்கு அனுப்பு.

கருணாகரன் சொற்களை எண்ணிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

“ஒன்பது. பாத்தியா? துரை சிரிப்பாரு.”

“பத்து அன்னத்துக் கிராணி ஏகாம்பரம் அண்ணன் அழுவாரு” என்றாள் சந்திரமதி. தாள் தந்தி ஆபீஸுக்குப் போகும் பைக்குள் விழுந்தது.

சந்திரமதிக்கு அப்போது வயது முப்பத்து மூன்று. கம்பெனியில் சேர்ந்தது 1946-இல். உலகச் சண்டைக்கு முன்னால் அந்த மேசையில் இருந்தவரைச் சயாம் ரயில்பாதை போட ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டு போனான். அவர் திரும்பி வரவில்லை. புத்தகம் மட்டும் ஆபீஸின் இரும்புப் பெட்டியில் பத்திரமாக இருந்தது. கன்னியாஸ்திரிகளிடம் படித்து டைப் அடிக்கக் கற்றுக்கொண்டு வந்த பெண்ணுக்கு என்ன வேலை கொடுப்பது என்று தெரியாமல் அதை எடுத்து அவள் முன் போட்டார்கள். தலையணை கனம். பக்கத்துக்கு நூறு வாக்கியம், வாக்கியத்துக்கு ஐந்து இங்கிலீஷ் எழுத்தில் ஒரு சொல். ‘விசோக்’ என்று வந்தால் ‘விலைக்குச் சம்மதம், உடனே அனுப்பு’. ‘தெமூர்’ என்று வந்தால் ‘மழையால் ரப்பர்ப் பால் வெட்டு நின்றது’. தந்தி ஆபீஸ்காரன் சொல்லை எண்ணித்தான் கட்டணம் கேட்பான். ஆகவே ஒரு முழு வாக்கியத்தை ஒரே சொல்லாக மடித்துக் கொடுப்பது அவள் வேலை. வருவதை விரித்துச் சொல்வதும் அவள் வேலை.

பதினொரு வருடத்தில் மூவாயிரம் சொற்களுக்கு மேல் அவளுக்கு மனப்பாடம். காஜா பேராங்கில் இருந்த வீட்டுத் தகரக் கூரையில் மழை கொட்டினால் தன்னையறியாமல் ‘தெமூர்’ என்பாள். அண்ணி பத்மினிக்குச் சிரிப்பு தாங்காது.

“நம்ம வீட்டுக் கூரை ஒழுகுதுன்னு சொல்ல அதுல ஒரு வார்த்தை இருக்கா?”

“இல்ல அண்ணி. கம்பெனிக்குக் கூரை ஒழுகாது.”

அண்ணன் வீட்டில்தான் இருந்தாள். கல்யாணப் பேச்சு இரண்டு முறை வந்து இரண்டு முறையும் நின்றது. அதைப் பற்றி அவள் பேசியதில்லை, பிறர் பேசினால் எழுந்து போய்விடுவாள். காலையில் ஏழு மணிக்குக் கறுப்புக் குடையை எடுத்துக்கொண்டு நடந்தால் ஏழே முக்காலுக்கு ஆற்றோரத்துக் கிடங்கின் மாடியில் இருப்பாள். கீழே புகை போட்ட ஷீட்டின் நெடி. மேலே அவள் மேசை, ஒரு ஜன்னல், புத்தகம்.

சுருக்குவது பெரிய வித்தை இல்லை என்பது அவள் கட்சி. எவனும் சுருக்கலாம். எதிர்முனையில் இருப்பவன் விரித்துப் பார்க்கும்போது போட்டது போட்டபடி இருக்க வேண்டும். அவன் கையில் விரிப்பதற்கான புத்தகம் இருக்க வேண்டும். அது இல்லாமல் சுருக்கியது வெறும் கசங்கல்.

புதுப் புத்தகத்தின் மேல் அவளுக்குக் கோபம் ஒன்றும் கிடையாது. அதையும் சொல்லியாக வேண்டும். பத்து நாளில் அதைக் கற்றுக்கொண்டாள், கெட்டிக்கார வேலை என்று மெச்சவும் செய்தாள். பழையதில் ஒரு சொல்லுக்கு ஒரு வாக்கியம். புதியதில் ஐந்து எழுத்தில் ஒவ்வொன்றும் ஒரு பட்டியலைத் திறந்தது: என்ன செய்ய வேண்டும், எந்தத் தரம், எவ்வளவு, எந்த நாள், எந்த ஊர். விரிக்கக் கூடுதல் நேரம் பிடிக்கும். ஓர் எழுத்து தவறினால் சரக்கு வேறு ஊருக்குப் போய்விடும். ஆனால் தந்தி பாதிக்கும் குறைவாகிவிடும். சரி, மாற்றட்டும். ஜாசினுக்கும் தம்பினுக்கும் அலோர் காஜாவுக்கும் திங்கட்கிழமையே லோரியில் புத்தகம் போய்விட்டது. பத்து அன்னம் அடுத்த மாநிலமான ஜொகூருக்குள் இருந்தது. சரக்கு ரயிலில் வந்துவிடும், ரகசியப் புத்தகத்தைக் கம்பெனி லோரியில்தான் அனுப்புவார்கள். காட்டில் கம்யூனிஸ்டுகள் பதுங்கியிருந்த அவசரகாலத்துப் பாதை, பட்டாளம் முன்னால் போக வாரத்துக்கு ஒருமுறை சனிக்கிழமைதான் அங்கே லோரி. ஒரு வாரம் பொறுத்து மாற்றியிருந்தால் யார் குடி முழுகியிருக்கும்?

மறுநாள் காலை பத்தே காலுக்குப் பத்து அன்னத்திலிருந்து பதில் வந்தது. ஒரே சொல். ‘நிகோப்’. பழைய புத்தகத்தில் அதற்கு அர்த்தம், ‘தந்தி விளங்கவில்லை, திரும்ப அனுப்பு’.

கம்பெனியே போட்ட விதி அது. விளங்காத தந்தியை ஊகித்துக்கொண்டு எதுவும் செய்யக் கூடாது. திரும்பக் கேட்க வேண்டும். ஏகாம்பரம் விதிப்படி கேட்டிருந்தார்.

“பழசுல கேட்டிருக்கான்” என்றார் கருணாகரன். “பழசு செல்லாதுன்னு நேத்தே சொல்லியாச்சே.”

“சொன்னது அவருக்கு விளங்கலன்னுதானே சார் கேக்குறாரு!”

“கத்தாத. திரும்ப அனுப்பு.”

“எதுல?”

“நேத்து எதுல அனுப்பினியோ அதுல.”

மத்தியானம் இன்னொரு ‘நிகோப்’. அதே ஒன்பது சொல் மறுபடியும் போயிற்று. வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு மூன்றாவது ‘நிகோப்’. சந்திரமதி ஒன்பது சொல்லையும் எழுதி, அடியில் சாதா இங்கிலீஷில் ‘புத்தகம் நாளை வரும், சரக்கை இன்றே அனுப்பு’ என்று சேர்த்தாள். கருணாகரன் சிவப்புப் பென்சிலால் அதை அடித்தார்.

“சரக்கு போற நாளைத் திறந்த பாஷையில போடுவியா? போட்டிக்காரன் தந்தி ஆபீஸ்ல காதை வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கான்.”

“அப்ப பழசுலயாவது போடட்டுமா?”

“விலக்கு இல்ல.”

“சார், கப்பல் இன்னைக்கு.”

“எனக்குத் தெரியாதா?”

அவள் அந்த வரி இல்லாமல் திரும்ப எழுதினாள். தாளைப் பையில் போட்டாள். அந்த வெள்ளிக்கிழமை வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டதற்காகப் பிற்பாடு தன்னையே எத்தனையோ முறை திட்டிக்கொண்டாள். பெரிய கிராணி அடித்தால் அடித்ததுதான் என்று பதினொரு வருடம் பழகிய கை, சொன்னபடி செய்துவிட்டது.

பிற்பகல் தொங்கான் படகுகள் ஆற்றிலிருந்து சரக்கை ஏற்றிக்கொண்டு கடலில் நின்ற கப்பலுக்குப் போயின. பத்து அன்னத்துக்காக ஒதுக்கிய இடம் காலியாகவே கப்பல் கிளம்பியது. சிங்கப்பூரிலிருந்து துரைக்குப் போன் வந்தது. துரையின் அறையிலிருந்து கருணாகரனுக்கு மணி அடித்தது. அவர் உள்ளே போய்ச் சொன்னது ஒரே வரி என்று பிறகு தெரிந்தது: நான்கு தந்தி போட்டும் பத்து அன்னம் மதிக்கவில்லை.

மாலை ஐந்து மணிக்குக் கருணாகரன் தாமே உட்கார்ந்து ஒரு தந்தி எழுதினார். அவளிடம் கொடுக்கவில்லை. பைக்குள் போகும்போது அவள் பார்த்தாள். ஏகாம்பரம் மாதக் கடைசியோடு வேலையிலிருந்து நீக்கம். கம்பெனி வீட்டைக் காலி செய்ய வேண்டும். சொல்ல வேண்டியது இருந்தால் திங்கட்கிழமை மலாக்காவுக்கு நேரில் வரவும்.

சாதா இங்கிலீஷில் எழுதியிருந்தார். ஒரு சொல்லைக்கூடச் சுருக்கவில்லை. சரக்கை அனுப்பு என்று சொல்ல ரகசியம் வேண்டியிருந்தது, வேலை போயிற்று என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. ரயில்வே ஸ்டேஷன் போர்ட்டர் வரைக்கும் படித்துவிடலாம்.

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு ஏகாம்பரம் வந்தார். ஐம்பதைத் தாண்டியவர், ஒல்லி, வெள்ளைக் கால்சட்டை. தம்பின் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து பஸ் பிடித்திருந்தார். பத்து அன்னத்தில் போன் கிடையாது; பதினொரு வருடமாகத் தந்தியில் பேசிக்கொண்டவர்கள், நேரில் பார்த்தது நான்கைந்து முறைதான்.

“தங்கச்சி, நல்லா இருக்கியா?” என்றார் முதலில். உடனே சட்டைப்பையிலிருந்து ஒரு சிகரெட் டின்னை எடுத்துத் திறந்தார். நான்கு தந்தித் தாள்களும் மடித்து உள்ளே இருந்தன. ஒவ்வொன்றிலும் தபால் முத்திரை, தேதி, மணி.

“இது என்னா பாஷைலா? கொண்டாந்து குடுத்தப்ப போஸ்ட் மாஸ்டரு கேக்குறாரு, ‘என்னா கிராணி, காட்டுக்காரன் உனக்குக் கடுதாசி போடுறானா’ன்னு. சிரிச்சுக்கிட்டுத்தான் கேட்டாரு. கம்யூனிஸ்டு கடுதாசின்னு பட்டாளத்துக்கு எட்டுனா என்னை உள்ள போட்டுருவான்லா.”

“அண்ணே…”

“பழைய புத்தகத்தைப் பிரிச்சுப் போட்டு ஒரு பக்கம் நானு, ஒரு பக்கம் பெரிய பொண்ணு, வரி வரியா தேடினோம். ரெண்டு நாளு. இருபத்து நாலு வருசத்துல விளங்காத தந்தின்னு ஒண்ணு எனக்கு வந்ததில்ல தங்கச்சி. கண்ணுதான் போயிருச்சோன்னு நெனச்சு, சீனன் கடையில கண்ணாடி மாத்திப் பாத்தேன்.”

“உங்க கண்ணுக்கு ஒண்ணுமில்ல.”

“புத்தகம் சனிக்கிழமை வந்துச்சு. வந்ததும் பிரிச்சுப் பாத்தா, தந்தி அஞ்சு நிமிசத்துல விளங்கிருச்சு. சரக்கை அனுப்புன்னு இருக்கு. கப்பலு முந்தின நாளே போயிருச்சு.” சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. “மூணு பொண்ணுங்க. வீட்டைக் காலி பண்ணச் சொல்றாங்க. நான் என்னா தப்பு பண்ணேன்னு மட்டும் சொல்லிட்டா போதும்.”

“நீங்க ஒண்ணும் பண்ணல. அந்த டின்னை யாருகிட்டயும் குடுத்துராதீங்க. கருணாகரன் சார் கேட்டாக்கூட.”

துரை அன்று பார்க்கவில்லை. நாளை வரச் சொன்னார். ஏகாம்பரம் தெரிந்தவர் வீட்டில் தங்கப் போனார். அவர் படியிறங்கும் சத்தம் அடங்கியதும் கருணாகரன் சந்திரமதியைக் கூப்பிட்டார். மேசைமேல் டைப் செய்த தாள் ஒன்று இருந்தது. அவளுடைய பெயர் போட்டு, அவள் சொல்வதாகவே எழுதியிருந்தது: ஜூலை 17-இல் பத்து அன்னத்துக்கான அறிவிப்பைப் பழைய புத்தகத்தின்படி அனுப்பினேன்; பதில் ஒழுங்காக வராததால் அடுத்த மூன்று தந்திகளையும் புதிய புத்தகத்தின்படி அனுப்பினேன்.

“ஒரு கையெழுத்து” என்றார்.

“முதல் வரி பொய் சார்.”

“ஒரு வரிதானே.”

“அந்த வரியிலதான் அவரு வேலை இருக்கு.”

கருணாகரன் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரல் தணிந்திருந்தது. “இங்க பாரு. துரை கையெழுத்துப் போட்ட உத்தரவு. அது தப்புன்னு துரைகிட்டயே எழுதிக் குடுக்கச் சொல்றியா? இன்னும் ஆறு வாரத்துல மெர்டேக்கா, சுதந்திரம். வெள்ளைக்காரன் ஒவ்வொருத்தனா கப்பலேறுறான். கம்பெனியை வித்துட்டுப் போறதாப் பேச்சு. எவனை வச்சுக்கலாம், எவனை விடலாம்னு பேரு எழுதுறானுங்க. எனக்கு அம்பத்திரண்டு. உனக்கும் இந்த மேசையை விட்டா வேற எடமில்ல. ஏகாம்பரம் போனா அவன் ஒருத்தன். நாம பேசினா மூணு பேரு.”

“நாமன்னு என்னையும் சேத்துட்டீங்களே சார்.”

“தந்தி எழுதுன கை யாரு கை?”

அந்தக் கேள்விதான் அவளை எரித்தது. கை அவளுடையது. வேண்டாம் வேண்டாம் என்று சொன்ன வாயும் அவளுடையதுதான், ஆனால் வாய் சொன்னதற்கு எந்தத் தாளிலும் முத்திரை இல்லை. ஏய்ப்பவன் எவ்வளவு நிம்மதியாகப் பேசுகிறான்! நாளைக் காலை சொல்கிறேன் என்று குடையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். வழியில் சுதந்திரத்துக்காக வளைவு கட்டிக்கொண்டிருந்தார்கள். மூங்கிலில் பச்சைச் சாயம் சொட்டியது. அதற்கடியில் நடந்ததுகூட அவளுக்கு நினைவில்லை.

வீட்டில் அண்ணன் தம்பிராஜா குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்திருந்தார். நகராட்சித் தண்ணீர்க் குழாய் இலாகாவில் மேஸ்திரி. கேட்டு முடிக்குமுன்பே தீர்ப்புச் சொன்னார்.

“போட்டுட்டு வா. அந்த ஆளு நமக்கு என்னா உறவு?”

“உறவு இருந்தாத்தான் பொய் சொல்லக் கூடாதாண்ணே?”

“வேலை போனா யாரு தர்றா? முப்பத்து மூணு வயசுல எந்த ஆபீஸ்ல போயி நிப்ப?”

“என்னை வச்சுக்கிறதுக்காக அவரை வெளிய தள்ளணும். தள்ளுனது நான்தான்னு நானே எழுதிக் குடுக்கணும். அதுக்கு நீங்க ‘போட்டுட்டு வா’ங்குறீங்க.”

“கத்தாதடி, பக்கத்துல கேக்கும்” என்றாள் பத்மினி.

கேட்டுவிட்டது. பக்கத்து வீட்டுக் கண்ணம்மா, கொண்டு போன கிண்ணத்தைத் திருப்பித் தரும் சாக்கில் வாசலில் நின்றாள். சரோங்கும் கெபாயாச் சட்டையும் அணிந்தவள்; பல தலைமுறைக்கு முன் மலாக்காவில் குடியேறிய தமிழர் வழிவந்த சிட்டி வீட்டுப் பெண். கோயிலும் சாமியும் விபூதியும் ஒன்றுதான், பேச்சு மட்டும் மலாய். என்ன சண்டை என்று மலாயில் கேட்டாள். பத்மினி அதே மலாயில் பாதியும் கையால் பாதியுமாக விளக்கினாள். கண்ணம்மா கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டே முழுவதையும் கேட்டாள்.

“அந்தத் துரைக்குப் படிக்கத் தெரியுமா?” என்று கேட்டாள்.

“தெரியும்.”

“அப்படியானால் அந்தத் தந்தித் தாளை அவரையே படிக்கச் சொல்வதுதானே?”

கிண்ணத்தை வைத்துவிட்டு அவள் போய்விட்டாள். தம்பிராஜா, “இவுங்க ஒருத்தங்க” என்று சோற்றைப் பிசைந்தார். அன்று சந்திரமதி வயிறாரச் சாப்பிட்டாள்.

செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்குத் துரையின் அறையில் நால்வரும் இருந்தார்கள். துரைக்கு முப்பது வயதுகூட இருக்காது. மலாயாவுக்கு வந்து எட்டு மாதம். ஏகாம்பரம் தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார். கருணாகரன் டைப் செய்த தாளைத் துரையின் முன் வைத்து, மிஸ் சந்திரமதி இதில் கையெழுத்திடுவார் என்று இங்கிலீஷில் சொன்னார்.

“இடமாட்டேன்” என்றாள் அவளும் இங்கிலீஷில்.

துரை நிமிர்ந்து பார்த்தார்.

அவள் தன் மேசைப் புத்தகத்தைக் கொண்டு வந்திருந்தாள். பழையது. அட்டையின் நீலம் விரல் பட்ட இடங்களில் வெளுத்திருந்தது. அதைத் துரையின் முன் வைத்தாள். ஏகாம்பரத்திடம் கை நீட்டினாள். அவர் டின்னைத் திறந்து 17-ஆம் தேதித் தாளை எடுத்துக் கொடுத்தார். அதைப் புத்தகத்தின் மேல் வைத்தாள்.

“இது பழைய புத்தகத்தில் அனுப்பப்பட்டது என்று அந்தத் தாளில் எழுதியிருக்கிறது. தயவுசெய்து விரித்துப் பாருங்கள், சார்.”

கருணாகரன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். துரை கையால் நிறுத்தினார். கொஞ்சம் வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தார். முதல் சொல்லை எடுத்துக்கொண்டு பக்கம் புரட்டினார். அந்த எழுத்தில் தொடங்கும் பக்கங்கள் இருந்தன, அந்தச் சொல் இல்லை. இரண்டாவதைத் தேடினார். மூன்றாவதைத் தேடினார். மேலே விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. புத்தகத்தின் மெல்லிய தாள் ஒவ்வொரு சுற்றுக்கும் படபடத்தது. அதை ஒரு கையால் அழுத்திக்கொண்டு தேடினார். நான்காவது சொல்லில் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். ஐந்தாவதில், இந்தப் புத்தகத்தில் பக்கம் ஏதாவது கிழிந்திருக்கிறதா என்று கேட்டார்.

“இல்லை, சார்.”

ஒன்பதாவது சொல்லையும் தேடிவிட்டு நிமிர்ந்தார். இருபது நிமிடம் ஆகியிருந்தது.

“ஒன்றுகூட இல்லை” என்றார்.

“ஏகாம்பரத்திடம் இருந்ததும் இந்தப் புத்தகம்தான். நீங்கள் இருபது நிமிடம் தேடினீர்கள். அவர் இரண்டு நாள் தேடினார்.”

சந்திரமதி அத்துடன் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. புத்தகம் அலமாரி மேல் இருந்ததையும், மூன்று முறை சொன்னதையும், சிவப்புப் பென்சிலையும், விலக்கு இல்லை என்ற உத்தரவையும், அதன் அடியில் இருந்த கையெழுத்தையும் வரிசையாகச் சொன்னாள். வேலை நீக்கத் தந்தி மட்டும் சாதா இங்கிலீஷில் போனதையும் சொன்னாள். கையெழுத்து என்ற இடத்தில் துரையின் காது சிவந்தது.

“சொல்லி முடித்துவிட்டாயா?” என்று கேட்டார்.

“முடித்துவிட்டேன்.”

“உன் வேலைக்குப் போ.”

வெளியே வந்ததும் ஏகாம்பரம் சுவரோரமாக நின்றுவிட்டார். “தங்கச்சி, கடைசியில துரை பேரையும் இழுத்துட்டியே. அதை விட்டிருக்கலாம்லா.”

“அதை விட்டா மிச்சமெல்லாம் உங்க தப்பு அண்ணே” என்றாள். புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு மேசைக்குப் போனாள்.

மறுநாள் புதன்கிழமை. காலை எட்டு மணிக்கு ஆபீஸ் திறந்தது. எட்டரைக்குத் துரையின் குறிப்புகள் இரண்டு வந்தன. ஏகாம்பரத்தின் வேலை நீக்கம் ரத்து. விளங்காத தந்தி குறித்து உடனடியாக நேரில் வந்து விசாரிக்காததற்காக அவருக்கு எச்சரிக்கை. மிஸ் சந்திரமதி தந்தி மேசையிலிருந்து கிடங்குப் பிரிவுக்கு மாற்றப்படுகிறார், சம்பளத்தில் மாற்றமில்லை. உத்தரவைப் பற்றியோ கருணாகரனைப் பற்றியோ இரண்டிலும் ஒன்றும் இல்லை. ஒன்பது மணிக்கு அவள் இரும்புப் பெட்டியின் சாவியைக் கருணாகரனிடம் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஏகாம்பரம் ஊருக்கு ரயிலேறப் பத்து மணி பஸ்ஸில் தம்பினுக்குப் போனார். கீழே கிடங்கில் அவளுக்கு ஒரு மேசையும் டைப்ரைட்டரும் போட்டிருந்தார்கள். ஷீட்டுக் கட்டுகளுக்கான சீட்டுகளில் தரம், எண், ஊர் ஆகியவற்றை அடிக்க வேண்டும். மத்தியானத்துக்குள் நூற்று எழுபது சீட்டு அடித்தாள். பன்னிரண்டரைக்குச் சாப்பிட்டாள். மாலை ஐந்து மணிக்கு வேலை முடிந்தது.